அளவுகோல் தேடிய இரண்டு நாட்கள்

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தனியே வாழும் முதியவர்களின் மனச்சோர்வை அளக்க ஒரு வினாப்பட்டியல் தேவைப்பட்டதால், உடல்நல, உளச்சமூக அளவீட்டுக் கருவிகளுக்கான ஹாப்பி தரவுத்தளத்தில் இரண்டு நாட்கள் தேடினேன். பிட்ஸ்பர்க்கில் உருவான இத்தொகுப்பில், 1985 முதல் ஆய்விதழ்களில் இடம்பெற்ற கருவிகளின் பெயர், அவற்றை உருவாக்கியவர், நம்பகத்தன்மை, ஏற்புடைமை (அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது) பற்றிய குறிப்புகள் உள்ளன. வினாப்பட்டியலே முழுதாகக் கைக்கு வந்துவிடும் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. முதல் நாள் நானும் அப்படித்தான்.

மனச்சோர்வுக்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டபோது முடிவுகள் மலைபோல் குவிந்தன. முதியோர் என்பதைச் சேர்த்து, கருவியை முதலில் அறிமுகம் செய்த கட்டுரைகளாகச் சுருக்கிய பிறகே முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் தடம் பிடிபட்டது. 30 கேள்விகள் கொண்ட அதற்கு 15 கேள்விகளில் ஒரு சுருக்க வடிவமும் உண்டு. ஆம், இல்லை என்றே பதில் என்பதால், எழுத்தறியாதவரிடமும் வாசித்துக் கேட்கலாம்.

வாழ்க்கையில் திருப்தியா என்ற முதல் கேள்விக்கு ஒரு பாட்டி, "என்னத்த திருப்தி தம்பி, கஞ்சி குடிக்கிறேன்ல" என்றார். எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.