கோயில், சேர்ச், சபை

ஞாயிறு காலையில் எங்கே வெளிக்கிட்டீர்கள் என்று மட்டக்களப்பில் ஒரு கிறிஸ்தவரிடம் கேட்டால், பதிலில் வரும் ஒரு சொல்லே ஆளைக் காட்டிவிடும். கத்தோலிக்கர் 'கோயிலுக்கு' என்பார், மெதடிஸ்தர் 'சேர்ச்சுக்கு' என்பார், பெந்தெகொஸ்தே போன்ற மற்றவர்கள் 'சபைக்கு'. எங்கள் வீடு கோயில். பக்கத்து வீட்டு மாமி சபை. ஆறரை மணிப் பூசைக்கு நாங்கள் படலையைத் திறக்கும்போது மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார், பூசை முடிந்து பாணும் வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பும்போது அவர் வேதாகமத்தைக் கறுப்பு உறைக்குள் வைத்து, இறுகிப்போன அதன் சிப்பைப் பல்லால் இழுத்து மூடிக்கொண்டு வெளிக்கிடுவார்.

சின்ன ஊர்தான், ஆனால் வேர் ஆழம். போர்த்துக்கேயர் விட்டுப்போன பறங்கியர் குடும்பங்களின் வேதம் இன்றும் கத்தோலிக்கம்தான், அவர்களில் சில முதியவர்களின் வாயில் அந்தப் பழைய போர்த்துக்கேயப் பேச்சு இன்னும் இருக்கிறது. 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அடுத்த வருடமே இறந்துபோனார், அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873இல் வந்தது. இரண்டிலும் இந்துப் பிள்ளைகளும் படித்தார்கள், அதுதான் இந்த ஊரின் வழக்கம்.

புளியந்தீவு மரியாள் கோயிலை நினைத்தால் எனக்கு மணிச்சத்தத்தோடு வேறொன்றும் நினைவுக்கு வரும். பங்குத்தந்தை சந்திரா சுவாமியை 1988இல் அங்கேதான் சுட்டார்கள். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டதும் அங்கேதான். அதற்குப் பிறகு அம்மா நள்ளிரவுப் பூசைக்குப் போனதே இல்லை, விடியற்பூசைதான்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சபைக்காரரை நாங்கள் மதித்ததில்லை. 'அல்லேலூயாக் கூட்டம்' என்று நானும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், மாமியின் காதில் விழும்படியும் சொல்லியிருக்கிறேன். அது பிழை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஒன்பது மணி தாண்டியிருக்கும், எங்கள் ஊர்ச் சபைகளில் ஒன்றான சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியில் நின்ற நேரம். 31 பேர் இறந்தார்கள், அதில் 14 பேர் சிறுவர்கள். மாமி எந்தச் சபைக்குப் போகிறார் என்று அத்தனை வருடத்தில் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா செருப்புக்கூடப் போடாமல் 'அக்கா, அக்கா' என்று கத்திக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினார், படலை பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டு மணிபோலத்தான் மாமி வந்தார். அவருடையது வேறு சபை. அவர் ஒன்றும் பேசவில்லை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அப்படியே இருந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நாடு முழுக்கப் பூசை இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையை அம்மா தொலைக்காட்சியில் கண்டார், மாமியும் வந்து பக்கத்தில் இருந்தார். அம்மா முழங்காலில் நின்றபோது மாமி நிற்கவில்லை, கண்ணை மூடித் தன் பாட்டில் செபித்தார். சரி, அதுவும் செபம்தானே.

இப்போதும் ஞாயிறுகளில் சோறு ஆறிப்போனாலும், மாமி வீட்டுப் படலை திறக்கும் சத்தம் கேட்கும்வரை அம்மா எங்களுக்குப் போடமாட்டார்.