சித்தப்பாவின் கடைப் பலகையும் விழுந்த குற்றும்

முதலில் விழுந்தது ஒரு குற்று, மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. ‘சைக்கிள் திருத்தகம்’ என்று அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டிய பலகையைக் கடை முகப்பில் மாட்டி ஒன்பதாம் நாள் சித்தப்பா போன் எடுத்தார். “தம்பி, சைககிள் எண்டு கிடக்குதடா. வாற சனம் எல்லாம் வாசிச்சுப்போட்டுச் சிரிக்குது.”

தமிழில் பெயர்ப்பலகை செய்கிறவனுக்கு இது கூடப்பிறந்த தொல்லை. குற்று எழுத்தோடு ஒட்டியிருக்காது, தனித் துண்டு. எங்கள் பலகையில் க், ள், த், ம் என்று நான்கு. ஒவ்வொன்றும் 12 மில்லிமீற்றர் வட்டம், சேட் பொத்தானளவு. அதன் முதுகில் பசை பிடிக்க எவ்வளவு இடம்தான் இருக்கும்?

கடை மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. முகப்பில் மரநிழல் கிடையாது. காலை பத்து மணிக்கு ஏறும் வெயில் பின்னேரம்தான் இறங்கும். பலகைக்கு அடி, பழைய வீட்டுக் கதவில் கழற்றிய இரண்டு முதிரைப் பலகைகள். 4 அடி நீளம், வெள்ளைப் பெயின்ற். அதன்மேல் வவுனியாவில் லேசரில் வெட்டுவித்த கறுப்பு எழுத்துகள். கீழே 3 அடி நீளச் சிவப்பு அக்ரிலிக் பட்டி. இரண்டு முனையிலும் சித்தப்பா எறியாமல் வைத்திருந்த செயின்வீல்கள். மரம், பிளாஸ்ரிக், இரும்பு மூன்றையும் ஒரே சுப்பர் குளூவால் ஒட்டி முடிக்கலாம் என்று நினைத்தேன்.

சுப்பர் குளூவுக்கு ஒரு கதை உண்டு. 1942இல் துப்பாக்கியில் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிந்த பிளாஸ்ரிக் தேடியவர்கள், தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதே என்று எரிச்சல்பட்டு ஒதுக்கிவைத்த சாமான் அது. 1958இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றில் உள்ள ஈரம் பட்டு இறுகும். அதன் ஆவி கறுப்பு அக்ரிலிக்கில் படிந்து, எழுத்தைச் சுற்றித் திருநீறு பூசியது மாதிரி ஒரு வெள்ளைப் படலம் விட்டது. தூசி படாமல் இருக்கட்டும் என்று வாளியைக் கவிழ்த்து மூடி வைத்தேன். ஆவி போக வழியில்லாமல் படலம் இன்னும் தடித்தது.

ஆனால் குற்று விழுந்ததற்குப் பசையைக் குற்றம் சொல்ல முடியாது. தரையில் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் வட்டமாக வெள்ளைப் பெயின்ற். பசை குற்றையும் பெயின்றையும் விடவில்லை. பெயின்ற்தான் மரத்தை விட்டிருக்கிறது. பழைய கதவின் எண்ணெய்ப் பிடிப்பைத் தேய்க்காமல் மேலே பெயின்ற் அடித்தவன் நான்தான்.

இரண்டாம் முறை மரம் தெரியுமட்டும் தேய்த்து, வார்னிஷ் இரண்டு பூச்சு அடித்து, எல்லாவற்றையும் இரண்டு ரியூப்பாய் வரும் எபொக்சிப் பசையால் ஒட்டினேன். இரண்டையும் சரிபாதி பிழிந்து யோகட் கப் மூடியில் குழைக்க வேண்டும். எங்கள் சூட்டில் பெட்டியில் போட்ட நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கும், கும்பியாகக் குழைத்தால் இன்னும் கெதியாய். மெல்லிசாகப் பரப்பிவைத்தால் கொஞ்ச நேரம் கூடக் கிடைக்கும்.

எழுத்துகள் நின்றன. நாலாம் நாள் மத்தியானம் நான் கடையில் இருக்கும்போதே ‘டக்’ என்று ஒரு சத்தம். சிவப்புப் பட்டியின் இடது முனை எழும்பி நின்றது. கொஞ்ச நேரத்தில் வலது முனையும். பட்டியின் முதுகு கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, ஒரு துளி எபொக்சி இல்லை. எபொக்சி முழுக்க மரத்திலேயே கிடந்தது, அதுவும் பட்டியின் பளபளப்பை அப்படியே அச்செடுத்த மாதிரி.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 மீற்றர் அக்ரிலிக் ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் நீளும். மரம் நாரின் போக்கில் 0.005 அளவுதான். விடியக்காலைக்கும் மத்தியானத்துக்கும் பலகையில் 30 பாகை வித்தியாசம் என்று வைத்தால், என் 3 அடிப் பட்டி 2 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய நீள்கிறது. கீழே மரம் அசையவே இல்லை என்று சொல்லலாம். நடுவில் கல்லாய் இறுகிய எபொக்சி. தினமும் நீண்டும் சுருங்கியும் இழுத்த இழுப்பில் முனை விட்டுவிட்டது, அதுவும் நான் பட்டியின் முதுகைச் சொரசொரப்பாக்காமல் ஒட்டியிருந்த நிலையில். அதே கணக்கில் 12 மில்லிமீற்றர் குற்று நீளுவது 0.025 மில்லிமீற்றர். அதற்கு எபொக்சி தாராளம்.

சித்தப்பா சிரித்தார். “ரியூப்புக்கு ஒட்டுப் போடேக்க நான் எபொக்சியே பூசுறன்? ரியூப் இழுபடும், ஒட்டும் கூட இழுபட வேணும்.” அவர் செய்வதை எத்தனை வருடமாய்ப் பார்க்கிறேன். தேய்ப்பார், துடைப்பார், சொலூசனை மெல்லிசாகப் பூசுவார், கையில் ஒட்டாத பதம் வருமட்டும் ஒரு பீடி குடிப்பார், பிறகு அழுத்துவார்.

அவர் பேச்சைக் கேட்டு மூன்றாம் முறை தகரப் பேணியில் வரும் ரப்பர்ப் பசையை இரண்டு பக்கமும் பூசி, பதம் பார்த்து ஒட்டினேன். பின்னேரம் மூன்று மணிக்குப் பட்டி கால் அங்குலம் கீழே வழுகி, சாய்ந்து நின்றது. பிரித்தால் இரண்டு பக்கமும் நூல்நூலாய்ப் பசை. வெயிலில் பசையே இளகிவிட்டது. ரியூப் ரயருக்குள் நிழலில், காற்று அமத்திக்கொண்டு இருக்கிறது. என் பட்டி வெயிலில் தொங்குகிறது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, இன்னொரு பீடி எடுத்தார்.

இப்போது இருப்பது நாலாவது. பட்டிக்குச் சாம்பல் நிற அக்ரிலிக் போம் இரட்டைப்பக்க ரேப். கடையில் மலிவாய்க் கிடைக்கும் வெள்ளைப் போம் ரேப் அல்ல. ரேப்பின் தடிப்பே பட்டிக்கு அசைய இடம் விடுகிறது. ரேப்பை நன்றாக அமத்தித் தேய்க்க வேண்டும். முழுப் பலம் வர 72 மணித்தியாலம் எடுக்கும் என்பதால் மூன்று நாள் வீட்டு விறாந்தையில் கிடத்தி வைத்தேன். ரேப்புக்கு இடையில் நேராக இரண்டு கோடு சிலிக்கன், வினாகிரி மணக்காத வகை. மணக்கிற வகை இறுகும்போது அசற்றிக் அமிலம் விடும், இரும்புக்குப் பக்கத்தில் வேண்டாம். சிலிக்கனைத் தட்டையாகப் பரப்பவும் கூடாது. அது காற்று ஈரம் குடித்து விளிம்பிலிருந்து உள்ளே இறுகுவது. பரப்பினால் நடு பல நாள் பச்சையாய்க் கிடக்கும்.

குற்று இனி விழவே கூடாது என்று சித்தப்பாவே ஒரு வழி சொன்னார். முறிந்த சில்லுக் கம்பியில் 10 மில்லிமீற்றர் துண்டு நான்கு. குற்றின் முதுகில் பாதி ஆழத்துக்கு 2 மில்லிமீற்றர் துளை, மரத்தில் நேரே ஒரு துளை, இரண்டிலும் எபொக்சி. துளையிட்ட தூளைத் துடைக்க ஸ்பிரிட் எடுத்தேன். லேசரில் வெட்டிய ஓரத்தில் மயிரிழை போலக் கீறல்கள் ஓடின. வெட்டிய சூட்டில் அந்த ஓரம் இறுக்கத்தோடு இருக்கிறது, ஸ்பிரிட் பட்டதும் வெடிக்கிறது. ‘ள்’ளின் குற்று அப்படிப் போனது. மற்றவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன்.

செயின்வீலுக்குப் பசையே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். தலைக்கு மேலே தொங்கும் இரும்பு. நடுத்துளையில் ஒரு போல்ட், பின்னால் வாஷரும் நட்டும்.

மாரி தொடங்க முன்னம் இரண்டு வேலை மிச்சம். பலகைகளைச் சேர்த்தது சாதாரண வெள்ளைக் கம். ஈரத்தில் இளகும், பின்பக்கம் குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும், ஸ்குரூ துளையை நீளவாக்கில் விட்டு, மரம் ஊதி அசைய. மற்றது, பட்டியின் கீழ் விளிம்பில் பிதுங்கிய சிலிக்கன். அந்த இடத்தில் வார்னிஷ் நிற்கவில்லை, மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாய் விலகுகிறது. பிளேட்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.