சுவரில் பட்டை அடிக்கப் பொருள் சேர்த்த கதை

அறையின் ஒரு சுவரில் மட்டும் கிடைமட்டமாகப் பட்டைகள் வேண்டும் என்று முடிவானதும் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். நான் முதலில் எடுத்தது அளவு நாடாவும் ஒரு தாளும். எது எவ்வளவு வாங்க வேண்டும் என்பதைச் சுவர்தான் சொல்ல வேண்டும். கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்களைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது.

எங்கள் சுவர் 12 அடி அகலம், 9 அடி உயரம். ஒரு அடிக்கு ஒரு பட்டை என்றால் 9 பட்டைகள். ஒற்றைப்படையாக வருவது நல்லது, ஏனென்றால் மேலேயும் கீழேயும் ஒரே நிறம் வந்து சுவர் முழுமையாகத் தெரியும். வெளிர் நிறத்தைச் சுவர் முழுவதும் அடித்துவிட்டு, அதன் மேல் 4 அடர் பட்டைகள் மட்டும் அடித்தால் போதும். அந்த நான்குக்கும் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்று மொத்தம் 8 விளிம்புகள். எட்டையும் பன்னிரண்டையும் பெருக்கினால் 96 அடி. விளிம்பு நேராக வர ஒட்டி, பிறகு உரித்துவிடும் மாஸ்கிங் டேப் ஏறக்குறைய 29 மீட்டர் வேண்டும். 20 மீட்டர் சுருள் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பது வீட்டிலேயே தெரிந்துவிட்டது. அடர் நிறம் 48 சதுர அடி. இரண்டு கோட் என்றால் 96. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இதற்குப் போதும். அதற்கு மேல் வாங்கினால் டப்பாவில் காய்ந்துதான் போகும்.

பட்டை அழகாக வருவதும் கெடுவதும் டேப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பெயிண்டில் கொஞ்சம் சிக்கனம் பார்க்கலாம். டேப்பில் பார்க்கக் கூடாது. சாதாரண மஞ்சள் மாஸ்கிங் டேப்பின் பசை வலுவானது. அதிக நேரம் விட்டால் சுவரில் பிசுக்கு தங்கும், உரிக்கும்போது அடிநிறத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். சுவருக்கென்றே வரும் நீல நிற டேப்பின் பசை மென்மையானது. புதிதாக அடித்த பெயிண்டின் மேல் ஒட்ட, அதைவிடவும் மெல்லிய பசையுள்ள வகை தனியாக இருக்கிறது. எங்கள் அடிநிறம் புதியது என்பதால் அந்த வகையையே கேட்டு வாங்கினேன். சுருளைக் கையில் எடுத்ததும் பக்கவாட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கீழே விழுந்து விளிம்பு நசுங்கிய சுருளில் கோடு நேராக வராது.

மாஸ்கிங் டேப் பிறந்ததே இதே சிக்கலுக்காகத்தான். 1925இல், இரண்டு நிறக் கார்களுக்கு வண்ணம் அடிப்பவர்கள் நிறங்களுக்கு நடுவே சுத்தமான விளிம்பு கிடைக்காமல் திண்டாடுவதைப் பார்த்து, த்ரீ எம் நிறுவனத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ட்ரூ அதை உருவாக்கினார். அந்த மனிதருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

அடுத்தது மட்டம் பார்க்கும் கருவி. கூரையிலிருந்து அளந்து கோடு போடலாம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் கூரையே பல வீடுகளில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். குட்டையான ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திக் குறித்தால் ஒவ்வொரு நகர்விலும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். நான் நம்பியது கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை. ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பினால், சுவரின் இரண்டு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழ் மட்டும் இருக்கக் கூடாது. இவ்வளவு மலிவான பொருள் இவ்வளவு துல்லியமாக வேலை செய்வது எனக்கு இன்றும் வியப்புதான். முனைகளைக் குறித்த பின் நடுவே நூல் அடிக்கலாம், அதாவது பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போடலாம். நூலுக்கு நீலச் சுண்ணப்பொடிதான் சரி; சிவப்புப் பொடியின் கறை போகவே போகாது. பொடி மிஞ்சினால் டேப் ஒட்டாது என்பதால் அடித்த கோட்டை லேசாக ஊதிவிட வேண்டும். சாதாரணக் கரிப்பென்சில் வெளிர் நிறத்தில் இழுபடும் என்பதால் முனைக் குறிகளுக்கு நீரில் கரையும் வண்ணப்பென்சில் ஒன்று வாங்கினேன். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது.

ரோலர் 4 அங்குலம், குட்டை இழை. நீண்ட இழையுள்ளது பெயிண்டை அதிகமாக உறிஞ்சி டேப்புக்கு அடியில் தள்ளும். கூடவே ஒன்றரை அங்குலத் தூரிகை, சாய்வுத் தட்டு, 220 எண் உப்புத்தாள், ஆணித் துளைகளுக்குக் கொஞ்சம் பட்டி, தரைக்குப் பழைய விரிப்பு. இவற்றுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

பட்டியலில் பலரும் எழுத மறக்கும் பொருள் ஒன்று உண்டு: மிச்சமாகும் அடிநிறம். அதை மூடி போட்ட புட்டியில் எடுத்துவைத்தேன். அடிநிறம் ஒரு முழு நாள் காய்ந்த பிறகு டேப்பை ஒட்டி, விளிம்பை விரலால் அழுத்தித் தேய்த்து, அந்த விளிம்பின் மேல் முதலில் அடிநிறத்தையே மெல்லியதாகப் பூசினேன். டேப்புக்கு அடியில் எது கசிந்தாலும் அது வெளிர் நிறமாகவே இருக்கும். அது காய்ந்ததும் விளிம்பு அடைபட்டுவிடும். அதன் மேல்தான் அடர் நிறம் ஏறியது. எந்த இடைவெளியில் அடிப்பது என்று குழம்பாமல் இருக்க, அடிக்கக் கூடாத பட்டைகளில் டேப் துண்டால் ஒரு பெருக்கல் குறி.

இரண்டாவது கோட் முழுதும் காய்வதற்கு முன்பே டேப்பை அதன் மேலேயே மடித்தபடி, 45 பாகை சாய்வில், மெதுவாக உரித்தேன். பெயிண்ட் காய்ந்து பிடித்துக்கொண்டால் விளிம்பை அறுக்கக் கட்டர் கத்தி ஒன்றும் கைவசம் இருந்தது. எட்டு விளிம்புகளும் கத்தி போல் நின்றன. மூலையில் மட்டும் சிறு பிசிறு. புட்டியில் இருந்த அடிநிறத்தில் மெல்லிய தூரிகையை நனைத்து அதைச் சரிசெய்தேன். மீதியை இறுக மூடி, நிறக் குறியீட்டு எண்ணை மூடியின் மேல் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆணித் துளைக்கு அது வேண்டும்.