வெடிமருந்து லொறியில் முதலில் சில்லைப் பாருங்கள்

சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து கிணறு இறக்குகிற யாழ்ப்பாணத்தில் கல்லுக்கு வெடி வைப்பது புதினமில்லை. ஆனாலும் அந்த மருந்தை ஏற்றி வரும் லொறி என்றதும் சனம் பயப்படுவது குலுக்கத்துக்குத்தான். பள்ளத்தில் விழுந்தால் வெடித்துவிடாதோ என்று கேட்பார்கள். பழைய நைத்திரோகிளிசரின் டைனமைற்றுக்கு அந்தப் பயம் நியாயம். இப்போது பாவிக்கிற வோட்டர் ஜெல், எமல்ஷன் வகைகள் வீதிக் குலுக்கத்துக்கு வெடிப்பவையல்ல. அவற்றுக்கு எமன் தீ. அந்தத் தீ பெரும்பாலும் சரக்கில் தொடங்காது. ரயரிலோ பிறேக்கிலோ வயரிங்கிலோ தொடங்கும்.

பின் அச்சின் இரட்டைச் சில்லுதான் பெரிய கள்ளன். உள்ளே இருக்கிற ரயருக்குக் காற்றுப் போனாலும் வெளி ரயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஓடும், சாரதிக்குத் தெரியாது. காற்றில்லாத ரயர் நசிந்து நசிந்து சூடேறிக் கடைசியில் பற்றிக்கொள்ளும். ஏ9 வீதியில் மத்தியான வெயிலில், முழுப் பாரத்தோடு இதற்கு அதிக நேரம் எடுக்காது. ஆகவே ஏற்றுவதற்கு முன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே உள் ரயருக்கும் மானி வைத்து அழுத்தம் பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது சோதனையல்ல. இரண்டு ரயருக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வழியில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் புறங்கையைச் சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பிறேக் இறுகியிருக்கிறது, அல்லது பெயாரிங் போய்விட்டது. அதோடு ஓட்டக் கூடாது. ரயர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகியிருந்தால் கழற்றி, லொறிக்குத் தூரத்தில் போட வேண்டும். தூள் தீயணைப்பான் சுவாலையை அடக்குமே தவிர இறப்பரைக் குளிர்விக்காது. அணைந்துவிட்டது என்று ஏறி ஓட்டினால் கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் பற்றும். நிறையத் தண்ணீர் வேண்டும்.

வயரிங்கில் பார்க்க வேண்டியது: பற்றறியை ஒரே இழுப்பில் துண்டிக்கும் ஆளி (சுவிச்), வயர் உரசாமல் குழாய்க்குள் போவது, சரக்கு வைக்கும் பகுதிக்குள் மின் இணைப்பு எதுவும் இல்லாமை. ஆணையிறவு, சங்குப்பிட்டிப் பக்கம் அடிக்கடி ஓடும் வாகனங்களில் உப்புக் காற்று இணைப்புகளைத் தின்றுவிடும். பச்சை பூத்த முனை சூடேறும்.

ஏற்றும்போது விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று, டெற்றனேற்றரையும் (மருந்தை வெடிக்க வைக்கும் சின்னக் குழாய்) மருந்தையும் பிரிப்பது. டெற்றனேற்றர் சிறியதுதானே என்று சீற்றுக்குக் கீழே, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அடிக்கும் சூட்டுக்கும் உண்மையில் பயப்பட வேண்டிய பொருள் அதுதான். வேறு வாகனம் சிறந்தது. அதே வாகனமென்றால் அதற்கென்று அங்கீகரித்த, உள்ளே மரம் பதித்த பூட்டுப் பெட்டி. மின் டெற்றனேற்றரின் இரண்டு வயர் முனைகளும் ஒன்றோடொன்று இணைந்தபடியே இருக்க வேண்டும். ஏற்றி இறக்கும் இடத்தில் போனும் வோக்கி ரோக்கியும் வேண்டாம். இடி முழங்கத் தொடங்கினால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் விலக வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில் இங்கே இடிமழை வழமை என்பதால் காலையிலேயே முடித்துவிடுவது புத்தி.

தளத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; ஜாக்கி, இரும்புக் கம்பி சரக்கோடு கிடக்கக் கூடாது. டீசல் கான், பற்றறி அமிலம், தீப்பெட்டி எதுவும் கூட வராது. இந்த மருந்துகளின் முக்கிய உட்பொருளான அமோனியம் நைத்திரேற்று தானாக எரியாதுதான், ஆனால் எரிவதற்கு ஒட்சிசன் கொடுக்கும். 2014 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதை ஏற்றிச் சென்ற லொறி தீப்பிடித்து வெடித்தபோது வீதிப் பாலமே போய்விட்டது.

இலங்கையின் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதிலுள்ள வகையும் தொகையும் லொறியில் இருப்பதோடு பெட்டிக்குப் பெட்டி ஒத்துப்போக வேண்டும். டீசலைப் புறப்படும் முன்பே நிரப்புங்கள். சாவகச்சேரிச் சந்தையடியில் தேத்தண்ணிக்கு நிறுத்துவதெல்லாம் கூடாது. நிறுத்தினால் ஆளில்லாத வெட்டவெளியில், ஒருவர் லொறியோடு இருக்க வேண்டும்.

தீ எஞ்சினிலோ ரயரிலோ மட்டும் இருந்தால் அணைக்கப் பாருங்கள். சரக்கைத் தொட்டுவிட்டால் அணைப்பானைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான், எல்லாரையும் கூட்டிக்கொண்டு. அவசரகாலக் கையேடுகள் இவ்வகைச் சரக்குக்குச் சொல்லும் தூரம் எல்லாப் பக்கமும் 1,600 மீற்றர். 2022 ஜனவரி 20 அன்று கானாவில் சுரங்கத்துக்கு மருந்து கொண்டுபோன வாகனம் மோட்டார் சைக்கிளோடு மோதி, தீப்பிடித்து, பிறகே வெடித்தது. மோதலுக்கும் வெடிப்புக்கும் இடையில் நேரம் இருந்தது. நம் ஊரில் அந்த நேரத்துக்குள் பத்துப் பேர் போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். விலக்குவது உதவியாளின் வேலை. அவருக்கு அதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

போர்க்காலத்தில் புதைந்து போன எறிகணை இந்தக் கணக்கில் சேராது. அதைத் தொடவும் கூடாது, ஏற்றவும் கூடாது. அறிவித்துவிட்டு விலக வேண்டும்.

இறக்கியபின் மிஞ்சியதை எண்ணிக் களஞ்சியத்துக்கே திருப்பி அனுப்புங்கள். அடுத்த நாள் அதே லொறியில் வெங்காயம் ஏறப்போகிறது என்றால் பலகை இடுக்குகளை ரோச் அடித்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். வெறும் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்காமல் குப்பையோடு எரிக்கக் கூடாது. மடிப்புக்குள் ஒரு டெற்றனேற்றர் தங்கியிருந்தாலே கை போய்விடும்.