எலி விந்தணு புராஜெக்ட்: அசையாத விந்தணுவுக்கு எலி மட்டும் காரணமில்லை

எம்.எஸ்சி. விலங்கியல் புராஜெக்டில் அசையாத விந்தணுக்களே பாதிக்கு மேல் என்று கணக்கு வந்தால், எலியைச் சந்தேகிக்கும் முன் உங்கள் மேசையைச் சந்தேகியுங்கள்.

முதலில் இனம். சேலம் பக்கத்து வாழப்பாடி, ஓமலூர் வயல்களில் பிடித்தது கரம்பை எலியா, பெருச்சாளியா என்று உறுதி செய்யுங்கள். கரம்பை எலியின் விந்தணுத் தலையில் வளைந்த கொக்கி உண்டு. பெருச்சாளிக்குக் கொக்கியே கிடையாது; தலை உருண்டையாக, வால் குட்டையாக இருக்கும். இது தெரியாமல் 'எல்லாமே குறைபாடு' என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் பொறி வைக்காதீர்கள். எலிச் சிறுநீர் வழியாகத் தொற்றும் லெப்டோஸ்பைரா பாக்டீரியாவின் அபாயம் இருப்பதால் கையுறை கட்டாயம்.

எபிடிடைமிஸின் (விரையை ஒட்டி, விந்தணு முதிர்ந்து தங்கும் சுருள்குழாய்) வால் பகுதியை எடுத்து, கொழுப்பையும் ரத்தத்தையும் ஒற்றி நீக்கி, 37 டிகிரியில் இருக்கும் 1 மி.லி. பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் (பி.எச். 7.2–7.4) போடுங்கள். மூன்று நான்கு கீறல் போதும். கொத்தினால் திசுத் துணுக்குகள்தான் மிதக்கும். 10 நிமிடத்தில் விந்தணுக்கள் தாமாக நீந்தி வெளியே வரும். மைக்ரோபிப்பெட் முனையை வெட்டி அகலமாக்குங்கள். மனித விந்தணு ஏறக்குறைய 60 மைக்ரான். வீட்டுச் சுண்டெலிக்கே 120 மைக்ரானைத் தொடும். குறுகிய முனையில் வேகமாக உறிஞ்சினால் தலை வேறு, வால் வேறு. மனித விந்தணுவுக்கான ஆழமற்ற சேம்பரிலும் (எண்ணிப் பார்க்கும் கண்ணாடித் தட்டு) வால் தாராளமாக வீச முடியாது.

சிலைடு, கவர்சிலிப், பிப்பெட் முனை எல்லாமே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஏற்காட்டு மார்கழிக் காலையில் மேசைமேல் கிடந்த சிலைடில் சொட்டு விட்டால் அசைவு சட்டென்று அடங்கிவிடும். மலையில் பிடித்த எலியின் உறுப்பை மட்டும் வெட்டி ஐஸில் வைத்துக் கீழே கொண்டுவராதீர்கள். குளிர் அதிர்ச்சியில் சவ்வு சிதையும். கூண்டோடு உயிராகக் கொண்டுவருவதே நல்லது.

கரைசலில் உப்பு குறைந்தால் வால்கள் ஏற்காட்டுச் சாலை போலக் கொண்டை ஊசி வளைவு எடுக்கும். புதுக் கரைசலில் மறுபடி பாருங்கள். அப்போதும் வளைந்திருந்தால்தான் உயிரியல் குறைபாடா என்று யோசிக்கலாம். சைட்டோபிளாசத் துளி (முதிரும்போது உதிராமல் ஒட்டியிருக்கும் செல் மிச்சம்) கழுத்தில் நின்றால் முதிராத விந்தணு, அல்லது எபிடிடைமிஸின் தலைப்பகுதியை வெட்டியிருக்கிறீர்கள்.

200 விந்தணுக்களையாவது எண்ணுங்கள். முன்னேறுபவை, இடத்திலேயே துடிப்பவை, அசையாதவை என்று மூன்றாகப் பிரியுங்கள்.

வைவாவில் விந்தணு வாலின் 9+2 அமைப்பும் (நடுவில் இரண்டு, சுற்றிலும் ஒன்பது இணை நுண்குழாய்கள்) அதைச் சூழ்ந்த ஒன்பது தடித்த நார்களும் நிச்சயம் வரும். கொக்கி எதற்கு என்றும் கேட்பார்கள். அபோடெமஸ் சில்வாட்டிகஸ் என்ற ஐரோப்பிய எலியில் விந்தணுக்கள் கொக்கியால் பிணைந்து கூட்டமாக விரைவதை 2002-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதைக் கரம்பை எலிக்கும் பொருத்திச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் சிலைடில் அப்படிப் பார்த்திருந்தால் மட்டும் படத்தைக் காட்டுங்கள்.