ஷொட்டென்டோரில் மேலும் கீழும்

வியன்னாவுக்கு வந்து நான் முதலில் கற்ற ஜெர்மன் சொல் ‘ஓபன்’. மேலே என்று பொருள். நன்றி சொல்வதற்கான ‘டாங்கே’ அதற்குப் பிறகுதான் வாயில் வந்தது.

வந்த இரண்டாவது வாரம், ஜனவரி. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மொழி வகுப்பு. முடிந்ததும் ஷொட்டென்டோர் நிலையத்தில் 43ஆம் எண் டிராம் பிடித்தால் ஹெர்னால்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கலாம் என்று கணவர் சொல்லியிருந்தார். படியிறங்கினேன், தண்டவாளம் தெரிந்தது, நின்றுவிட்டேன். 37 வந்தது, 38 வந்தது. 40, 41, 42 எல்லாம் வந்தன. 43 மட்டும் வரவே இல்லை. அரை மணி நேரத்தில் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின. யாரிடமாவது கேட்கலாம்தான், ஆனால் பதில் புரியாதே என்ற பயம். கடைசியில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு பாட்டியிடம் போனில் 43 என்று தட்டிக் காட்டினேன். அவர் விரலை உயர்த்தி “ஓபன், ஓபன்” என்றார். ஏதோ கதவு திறந்திருக்கிறது என்கிறார் போல என்று சுற்றிலும் தேடினேன். அவர் என் கையைப் பிடித்துப் படியேற்றி, மேலே நின்ற 43இன் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு மறுபடி கீழே போனார். அவருடைய வண்டி அதற்குள் போயிருக்கும்.

அந்த நிலையமே அடுக்கடுக்கானது. தரையில் 43, 44 வண்டிகள் வளைந்து திரும்பும் பாதை. அதற்குக் கீழே 37, 38, 40, 41, 42 சுற்றும் இன்னொரு வளையம். அதற்கும் கீழே ஊ2 மெட்ரோ. ரிங் சாலையில் ஓடும் 1, 71, டி டிராம்களுக்கு நிறுத்தம் தனி. கீழ் வளையத்தின் நடுவில் கூரை கிடையாது, வானம் தெரியும், பனி நேராக உள்ளே விழும். 1961இல் இதைத் திறந்தபோது மேயர் ஃபிரான்ஸ் யோனாஸ். வட்டமான அந்தப் பள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள் ‘யோனாஸ் ரைண்டில்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரைண்டில் என்றால் சட்டி. அவர் பின்னால் ஆஸ்திரியாவின் குடியரசுத் தலைவராகவே ஆனார், ஆனாலும் சட்டி சட்டியாகவே நிலைத்துவிட்டது. டிராமுக்கும் செல்லப்பெயர் உண்டு: பிம். அதன் மணியோசைதான்.

‘டோர்’ என்றால் வாசல் என்று வகுப்பில் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மதுரையில் கீழவாசல் என்கிறோம், தெற்குவாசல் என்கிறோம். வாசல் போய்விட்டது, பெயர் இருக்கிறது. இங்கேயும் அப்படித்தான். 1857இல் பேரரசர் ஊரைச் சுற்றியிருந்த மதிலை இடிக்க உத்தரவிட்டார், அது இருந்த வழியில் ரிங் சாலை வந்தது, எங்கள் வெளிவீதிகள் மாதிரி. ஷொட்டன் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆனால் 1155இல் இங்கே மடம் அமைத்த அந்தத் துறவிகள் உண்மையில் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களின் பெயரைத் தாங்கிய வாசலில்தான் நான் தினமும் ஏறி இறங்குகிறேன் என்பதில் எனக்கு ஒரு தெம்பு.

வியன்னா நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை. நான் வந்த புதிதில் ஒற்றைச் சீட்டு என்றால் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திக்கொண்டு போனால் போதும், பரிசோதகர் எப்போதாவது வருவார். நான் சீக்கிரமே ஆண்டுச் சீட்டு வாங்கிவிட்டேன். 2012இல் 365 யூரோ என்று வைத்த விலைதான் அப்போதும், நாளுக்கு ஒரு யூரோ. புதிதாக வருபவர்கள் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். தப்பான வண்டியில் ஏறினாலும் காசு வீணாகாது என்றதும் பயம் விட்டுப்போனது.

அப்புறம் வேண்டுமென்றே ஏறத் தொடங்கினேன். 38இல் கடைசி வரை போனால் கிரின்ட்ஸிங், திராட்சைத் தோட்டங்கள். 41இல் பெட்ஸ்லைன்ஸ்டார்ஃப், பெரிய பூங்கா. எங்கள் 43இன் கடைசி நிறுத்தம் நோய்வால்டெக், அங்கிருந்து நடந்தால் காடு. எங்கே இறங்கினாலும் கவலை இல்லை, திரும்பி வரும் வண்டி சட்டிக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்படித்தான் ஊர் பழகியது.

இப்போதும் 43 பிடிக்கப் போகும்போது சில நாள் முதலில் கீழே இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். காய்கறிப் பையோடு நிற்கும் பாட்டிமார் முகங்களைப் பார்த்துக்கொண்டே போவேன். அன்றைக்குச் சொல்லாத ‘டாங்கே’ இன்னும் பாக்கி இருக்கிறது.