மஞ்சள் துணி முடிச்சு

தலையணையில் உதிர்ந்து கிடந்த முடியை அந்த அப்பத்தா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தைகள் புற்றுநோய் வார்டு, காலை ஏழு மணி, ஷிஃப்ட் மாறும் நேரம். கீமோ மருந்து தொடங்கி மூன்றாவது வாரம் நடக்கும்போது முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். நர்ஸுகள் நாங்கள் படுக்கைவிரிப்போடு சுருட்டி எடுத்துக்கொண்டு போவோம். நானும் அதற்குத்தான் கையை நீட்டினேன்.

"இரு தாயி. அது அழகருக்குன்னு நேந்த முடி."

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பேரனுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய், குழந்தைகளிடம் அதிகம் பார்க்கிற ஏ.எல்.எல். வகை. நோய் தெரிந்த அன்றே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, பிள்ளை பிழைத்தால் அழகர்கோவிலில் முடி இறக்குவதாக வேண்டியிருக்கிறார்கள். இப்போது மருந்து முந்திக்கொண்டது. பையனின் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தார். நேர்த்திக்கடன் தவறினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். முடி திரும்ப வளரும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அப்பத்தாதான் அந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, காசோடு முடியையும் வைத்து மறுபடி முடிந்து, மடியில் செருகிக்கொண்டார்.

நான் சாமி விஷயத்தில் கறாரான ஆள். அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் பெண்ணுக்கு வீட்டில் காய்ச்சல் வந்து, இரண்டு நாள் மந்திரித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. காப்பாற்ற முடியவில்லை. அவள் நெற்றியில் இருந்த விபூதியைக் கடைசியாகத் துடைத்தது நான்தான். அதன்பின் வார்டுக்குள் விபூதிப் பொட்டலத்தைக் கண்டாலே எரிந்து விழுவேன். காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வீட்டாருக்கு நாங்கள் உட்காரவைத்துச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது.

ஒருநாள் அப்பத்தா அழகர்மலை நூபுர கங்கைத் தீர்த்தத்தைப் பாட்டிலில் கொண்டுவந்தார். பழைய நானாக இருந்தால் வாங்கிச் சிங்க்கில் ஊற்றியிருப்பேன். பையனுக்குக் கவுண்ட் (ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) குறைவு, பச்சைத் தண்ணீர் ஆகாது, கொதிக்கவைத்து ஆறவைத்தால் கொடுக்கலாம் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "கொதிச்சா கங்கை இல்லேன்னு ஆயிருமா தாயி?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேடிப் போனார். எனக்குத் தொண்டை அடைத்தது.

வின்கிரிஸ்டின் ஊசி போடும் நாளில், இது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்த மருந்து என்று அவரிடம் சொன்னேன். "சுடுகாட்டு மல்லியா? அதுலயா உசுரு இருக்கு?" என்று ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதோடு விடவில்லை. இலையை அரைத்துக் கொடுத்தால் விஷம், அளவு தெரியாமல் தொடவே கூடாது என்று மூன்று முறை சொன்னேன். கிராமத்தில் வேலியோரமெல்லாம் அந்தச் செடி நிற்கிறது.

அப்பா கொத்தனார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் மருந்துக்குக் கடன் வாங்கவில்லை, ஆனால் போன கூலி போனதுதான். சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டத்துக்குள் போக முடியாது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் படுக்கையில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தார்கள். "பச்சைப் பட்டா அப்பத்தா?" என்று பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினேன். நியூட்ரோஃபில், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு, 500க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் வந்தால், உடம்பில் எதிர்த்து நிற்க ஆள் இல்லை என்று அர்த்தம். தெர்மாமீட்டரில் 100.4 வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இங்கே வந்த ஒரு மணிநேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். விபூதி பூசுங்கள், வாயில் போடாதீர்கள், ஊசிக் குழாய் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த மாதமே நடுராத்திரி 2.15க்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. பையனுக்கு 101. நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. எனக்கு அந்தப் பழைய நெற்றி ஞாபகம் வந்து, "சாமி கும்பிட்டுட்டுத்தான் வந்தீங்களா?" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

"இல்ல தாயி. கும்பிட்டுக்கிட்டே வந்தோம்."

காய்ச்சல் தொடங்கி முக்கால் மணிநேரம்தான் ஆகியிருந்தது. மருந்து ஏறும்போது மணி 2.50. சொட்டு இறங்க ஆரம்பித்த பிறகுதான் அப்பத்தா கீழே உட்கார்ந்தார்.

இப்போது புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 100.4 என்று எழுதிக் கொடுக்கும்போது அந்த வார்த்தையையும் சேர்த்துச் சொல்கிறேன்: கும்பிட்டுக்கிட்டே வாங்க.

பையனுக்கு முடி நன்றாக வளர்ந்துவிட்டது, முன்னைவிடச் சுருட்டை. இன்னும் பதினாலு மாதம் மாத்திரை இருக்கிறது. கத்தி பட்டுக் காயமாகிவிடக் கூடாது, சிகிச்சை முடியட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மஞ்சள் முடிச்சு வீட்டில் அரிசிப் பானைக்குள் இருக்கிறதாம்.